காதுக்குப் பின்னால் இரண்டு தட்டு

நிரலைத் திருத்த அனுப்புகிற பேட்ச் ஒட்டவில்லை என்றால் மங்கையர்க்கரசிக்கு முதலில் வருவது கோபம்தான். திரையைப் பார்த்து, "ஏன்டா சாமி, ஊரே ஒழுங்கா வாங்கிக்குது, உனக்கு மட்டும் என்ன கேடு?" என்று வாய்விட்டே கேட்டுவிடுவாள். கோயம்புத்தூர் அலுவலகத்தில் அவளை அரசியக்கா என்பார்கள். ஒட்டாமல் நிற்கிற பேட்ச்சைக் கையால் ஒட்டுகிற ஆள் அந்த மாடியில் அவள் ஒருத்திதான். மற்றதையெல்லாம் இயந்திரமே பார்த்துக்கொள்கிறது.

அன்று ஒட்டாமல் நின்றது கோபிசெட்டிபாளையத்துக்காரர் ஒருவரின் மண்டைக்குள்.

தலையில் அடிபட்ட சிலருக்கு ஒரு விநோதமான குறை வந்துவிடும். கண் தெரியும், காது கேட்கும். ஆனால் எந்த முகம் யாருடையது, எந்தக் குரல் யாருடையது என்று மட்டும் பிடிபடாது. பெற்ற தாய் எதிரில் வந்து நின்றாலும் யாரோ ஒருத்தி. அப்படிப்பட்டவர்களுக்குக் காதுக்கு மேலே, எலும்புக்கு அடியில், முகமறி என்று ஒரு சின்னக் கருவியை வைக்கிறார்கள். கண் பார்க்கிற முகத்தைத் தேடிப் பிடித்து, ‘தம்பி’, ‘பக்கத்து வீட்டுக்காரர்’, ‘டாக்டர்’ என்று அது காதுக்குள் சொல்லும். சொன்னது தப்பென்றால் காதுக்குப் பின்னால் விரலால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். கருவி தப்பை ஒப்புக்கொண்டு, தன் நிரலைத் தானே கொஞ்சம் திருத்தி எழுதிக்கொள்ளும். வைக்கும்போது எல்லோருக்கும் ஒரே நிரல்தான். நாலைந்து வருடம் போனால் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் அது ஒவ்வொரு மாதிரி ஆகிவிடும்.

இப்போது அதில் ஒரு கோளாறு தெரியவந்திருந்தது. வீட்டு மனிதர்களைத் தேடுகிற இடத்தில் கருவி சுற்றிச் சுற்றி வந்து சூடேறுகிறது. சிலருக்கு வலிப்பே வந்துவிட்டது. அதற்குத்தான் இந்தப் பேட்ச். மாதக் கடைசிக்குள் ஒட்டாத கருவிகளை அணைத்துவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அணைத்தால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு உலகத்தில் எல்லோரும் அந்நியர்.

"அக்கா, அத்தனை பேருக்கும் ஒட்டியாச்சு. இந்த ஒருத்தருக்காக ஏன் உக்காந்து மல்லுக்கட்டறீங்க?" என்றான் ரிஷிகேஷ். விற்பனைப் பிரிவிலிருந்து அந்த மாதம்தான் மேலாளராக வந்திருந்தான். "தளர்வுன்னு ஒரு ஆப்ஷன் இருக்காமே, அதப் போட்டுத் தள்ளி விடுங்க."

"தளர்வுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஒட்டாதது ஒட்டும்."

"நல்லா ஒட்டும்." அரசி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். "இங்க பாருங்க ரிஷி. இந்த வரிய எடு, அந்த வரியப் போடுன்னுதான் பேட்ச்ல இருக்கும். எந்த இடத்துலன்னு அதுக்கு எப்படித் தெரியும்? மேல மூணு வரி, கீழ மூணு வரி கையோட கொண்டுவரும். அக்கம்பக்கத்தப் பாத்து, ஆமா, நான் வரவேண்டிய வீடு இதுதான்னு தெரிஞ்சாத்தான் உள்ள போகும். அக்கம்பக்கம் மாறிக் கெடந்தா, நான் வரலைன்னு வெளிய நின்னுக்கும். தளர்வு குடுத்தா, ஒரு வரி ரெண்டு வரி பொருந்தலைன்னாலும் பரவால்லைன்னு எங்கயாச்சும் போய் உக்காந்துக்கும்."

"உக்காந்தா என்னக்கா?"

"திருப்பூர்ல ஒருத்தருக்குத் தளர்வு குடுத்துத்தான் ஒட்டுனாங்க. அந்த மனுசன் சிக்னல்ல நின்ன போலீஸ்காரரத் தம்பின்னு கட்டிப் புடிச்சு அழுதார். அவர் தம்பி செத்து எத்தனையோ வருசம் ஆச்சு." ரிஷிகேஷின் சிரிப்பு பாதியில் நின்றது. "சத்தம் போட்டுட்டு நிக்கிற பேட்ச்ச நம்பலாம். சத்தமில்லாம ஒட்டிக்கிட்டதத்தான் நம்பக் கூடாது. போங்க, நான் பாத்துக்கறேன்."

அவன் போனதும் திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தாள். இடது பக்கம் பேட்ச் எதிர்பார்க்கிற வரிகள். வலது பக்கம் கோபிக்காரரின் வரிகள். நவநீதன் என்று பெயர், நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். மேலே மூன்று வரியும் அப்படியே பொருந்தின. கீழேதான் இடித்தது. ‘முகம் ஒன்று, மனைவி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘முகம் ஏழு, மனைவி’ என்று இருந்தது. அதற்கும் கீழே கருவி தானாக எழுதிக்கொண்ட வரிகள் ஒரு பெரிய குவியலாகக் கிடந்தன. அந்தக் குவியல் அலுவலகப் பிரதியில் திறக்காது, கருவிக்குப் பக்கத்தில் போனால்தான் படிக்க முடியும்.

மருத்துவமனை முதலில் கொடுத்த உறவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். முகம் ஒன்று, மனைவி தாரணி, விபத்தில் காலமானார். முகம் ஏழு, மனைவியின் தங்கை மிருதுளா.

செத்துப்போன மனைவியின் இடத்தில் அவள் தங்கையை வைத்து, இந்தக் கருவி இத்தனை வருடமாக ஒரு மனிதனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. தன் கையால் ஒட்டிய பேட்ச்சுகளும் அதற்குள்ளேதான் இருக்கின்றன என்று நினைத்தபோது, அரசிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

உறவு வரிகளை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு தொடக் கூடாது என்பது விதி. நேரில் போய், உரியவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கை வைக்க வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கோபிக்குப் பஸ் ஏறினாள்.

வாய்க்காலை ஒட்டி வீடு. வாசல் முழுக்கத் தட்டுத் தட்டாகத் தக்காளி, மிளகாய் நாற்று. கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி.

"வாங்க்கா, கோயமுத்தூர்ல இருந்துங்களா? உக்காருங். அவரு பண்ணைக்குள்ள இருக்காரு, இப்ப வந்துருவாரு. நாந்தானுங் தாரணி."

அரசிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "மிருதுளா இல்லீங்களா நீங்க?" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த வரவேற்பெல்லாம் வடிந்துவிட்டது. முதலில் வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, "அந்தப் பேர மெதுவாச் சொல்லுங்க்கா" என்றாள்.

கேட்காமலே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அக்காவும் மச்சானும் காரில் போகும்போது லாரி மோதியது. அக்கா அங்கேயே போய்விட்டாள். மச்சானுக்கு நினைவு வந்து, கருவி வைத்து, முதன்முதலாக அதை ஓட விட்ட அன்றைக்குக் கட்டிலுக்கு எதிரில் நின்றவள் இவள்தான். அவர் இவளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு "தாரணி" என்று கூப்பிட்டார்.

"எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவங்கம்மா என்ற கையப் புடிச்சு அமுக்கறாங்க. ஆமாங்ன்னு சொல்லிப்போட்டேன். மனசு தேறட்டும், அப்புறமாச் சொல்லிக்கலாம்னாங்க டாக்டரு. அப்புறம் அப்புறம்னே போயிருச்சு. சொன்னா எம்புள்ள செத்துப்போயிருவான்னு அந்தம்மா என்ற கால்ல விழுந்தாங்க்கா. எனக்கு அப்ப மாப்பிள்ள பாத்து, நிச்சயமும் ஆயிருந்துச்சு. ஸ்கூல்ல டீச்சரா இருந்தேன். அதெல்லாம் விட்டுப்போட்டு இங்க வந்துட்டேன். அக்கா தாலியத்தான் போட்டிருக்கறேன். அந்தம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. இப்ப நாங்க ரெண்டு பேருதான்."

"நீங்களும் அவரும்..." அரசி கேட்க வந்ததைப் பாதியில் விட்டாள்.

"இல்லீங்க்கா. முதுகு வலின்னு சொல்லி ஆரம்பத்துல இருந்தே அடுத்த ரூம்லதான் படுத்துக்கறேன். அவரு ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்லீங். நெம்ப நல்ல மனுசன்." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. "அந்த நல்ல மனுசன ஏமாத்தறமேன்னுதான் தெனமும் வெந்துட்டிருக்கறேன். வருசா வருசம் அக்கா திதிக்கு, அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்னு பொய் சொல்லிட்டுப் போவேன். அன்னைக்குன்னு பாத்து அவருக்கும் வயிறு சரியில்லாமப் போயிரும். பொழுதுக்கும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டாரு. அதப் பாத்தாலே நான் செய்யற பாவத்துக்குத்தான் இப்படின்னு தோணும்."

பேட்ச்சைப் பற்றி அரசி விளக்கினாள். ஒட்டாவிட்டால் கருவியை அணைக்க வேண்டும். ஒட்ட வேண்டுமானால் அந்த இடத்தில் கை வைக்க வேண்டும்.

மிருதுளா பதறிப்போனாள். "கை வெச்சா நான் யாருன்னு அதுக்குத் தெரிஞ்சுருமா?"

"தெரியலாம்."

"வேண்டாங்க்கா. உங்களக் கும்புட்டுக்கறேன். எப்பவாச்சும் இந்த மெஷின் சரியாயிட்டா, ‘உங்க அக்கா எங்க?’ன்னுதான் மொதல்ல கேப்பாரு. அதுக்கு என்ன சொல்றதுன்னு தெனமும் அடுப்படியில நின்னு தனியாச் சொல்லிப் பாத்துக்குவேன். ஒரு நாளும் முழுசாச் சொல்ல வந்ததில்ல. எப்படியாச்சும் இப்படியே ஒட்டிக் குடுத்துருங்."

அந்தக் குவியலை ஒதுக்கி, ‘முகம் ஏழு, மனைவி’ என்பதை அப்படியே வைத்து, பேட்ச்சைச் சுற்றி வளைத்து ஒட்ட முடியுமா என்று அரசி யோசித்தாள். முடியும் என்றுதான் தோன்றியது. இந்தப் பெண் இவ்வளவு கொடுத்த பிறகு, ஒரு விதிக்காக அதையெல்லாம் உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நவநீதன் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். ஒல்லியான மனிதர், காதுக்கு மேலே முடி நரைத்திருந்தது. அரசியைப் பார்த்ததும் கருவிக்கு ஒன்றும் தெரியாததால், யாரென்று கேட்கும் பார்வையோடு மனைவி பக்கம் திரும்பினார். கம்பெனிக்காரங்க என்று மிருதுளா சொன்னாள். குனிந்து உட்கார்ந்து தலையைக் காட்டினார். அரசி மடிக்கணினியை அவர் கருவியோடு இணைத்து, அந்தக் குவியலைத் திறந்தாள்.

முதல் வரியிலிருந்து படித்தாள்.

‘முகம் ஏழு. மனைவியின் தங்கை எனச் சொல்லப்பட்டது. உரியவர் மறுத்தார்.’ அதற்கு அடுத்த வரியும் அதேதான். அதற்கு அடுத்ததும் அதேதான். கீழே போகப் போக அதே வரி வந்துகொண்டே இருந்தது. கருவி முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ‘இவள் உன் மனைவி இல்லை, அவள் தங்கை’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இந்த மனிதர் காதுக்குப் பின்னால் இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறார். மாதக்கணக்கில் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் கருவிதான் தோற்றுப்போய், ‘மனைவி எனக் கொள்க’ என்று எழுதிக்கொண்டிருக்கிறது.

அரசி நிமிர்ந்தாள். "அம்மிணி, ஒரு காபி கெடைக்குங்களா?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

மிருதுளா உள்ளே போனதும் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். வாடிக்கையாளரை சார் என்று கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் மறந்துவிட்டது. "தம்பி, உங்களுக்குத் தெரியும்."

அவர் துண்டை எடுத்து, ஈரமில்லாத கையைத் துடைத்தார்.

"மெஷின் மேல பழியப் போட்டு அந்தப் பொண்ணு இத்தன வருசமா அழுதுட்டிருக்குது. மெஷின் ஒரு தப்பும் பண்ணல. திதி அன்னைக்கு நீங்க பட்டினி கெடக்கறது வயித்துக் கோளாறா?"

நவநீதன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"இத மொதல்ல ஓட விட்டப்ப எதுத்தாப்புல ஒரு பொண்ணு நின்னுச்சுங். காதுக்குள்ள ‘மனைவியின் தங்கை’ன்னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணு கண்ணு ரெண்டும் அழுதழுது வீங்கிக் கெடக்குது. பக்கத்துல என்ற அம்மா. யாரும் வாயத் தொறக்கல. எனக்கு வெளங்கிருச்சுங். காரு ஓட்டுனவன் நானு." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "ஒத்துக்க முடியல. கை தானாப் போயி ரெண்டு தட்டுத் தட்டிருச்சு. தாரணின்னு கூப்பிட்டேன். ஆமாங்ன்னுச்சு. அந்த ஒரு வார்த்தையில தாரணி திரும்பி வந்துட்ட மாதிரி இருந்துச்சுங். சாயங்காலம் உண்மையச் சொல்லிப்போடலாம்னு நெனச்சேன். நாளைக்குன்னு நெனச்சேன்."

"நிச்சயம் ஆன கல்யாணம் நின்னு போனது தெரியுமா?"

"தெரியுங்."

"வேலைய விட்டது?"

"தெரியுங்."

"அடப்பாவி மனுசா" என்றாள் அரசி. கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தால் கத்தவும் முடியவில்லை. "அவ உங்கள ஏமாத்தறதா நெனச்சு வேகறா. நீங்க அவள ஏமாத்திட்டு உக்காந்திருக்கறீங்க."

"சொன்னா போயிருவாளுங்க்கா." இவ்வளவு பெரிய மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி அழுதார். "அவளும் போயிட்டா எனக்கு யாரு இருக்கறா? இப்படியே ஒட்டிக் குடுத்துருங்."

இருவரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள். அரசி திரையைப் பார்த்தாள். இப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. இவர் கருவி சூடேறுவதே இந்தக் குவியலால்தான். மிருதுளாவைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அது மறுப்பையெல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்து, பிறகுதான் மனைவி என்கிறது. பேட்ச் உட்கார வேண்டிய இடமும் அதுவேதான். அதை ஒதுக்கிவைத்து ஒட்ட வழியே இல்லை.

"இங்க பாருங் தம்பி. நீங்க தட்டுன தட்டெல்லாம் போயாகணும். அதை எடுக்காம எதுவும் ஒட்டாது. எடுத்துட்டா உங்க மெஷின் முதல் நாள் மாதிரி ஆயிரும். அவளப் பாத்ததும் மறுபடி ஒரு தடவ சொல்லும், இவ யாருன்னு. மறுபடியும் நீங்க ரெண்டு தட்டுத் தட்டலாம். அது மறுபடியும் எழுதிக்கும். நான் தடுக்கப் போறதில்ல. அவகிட்ட நானாப் போய்ச் சொல்லவும் மாட்டேன், அது என் வேல இல்ல. எடுக்கட்டுமா, அணைக்கட்டுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்."

அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. நவநீதன் அந்தப் பக்கம் பார்த்தார்.

"எடுத்துருங்" என்றார்.

அரசி மேலிருந்து கீழ்வரை அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். ஒரு மனிதரின் இத்தனை வருடத்துப் பொய் போய்ச் சேர ஒரு நொடிகூட ஆகவில்லை. ‘முகம் ஒன்று, மனைவி’ மறுபடி தன் இடத்துக்கு வந்தது. மேலே மூன்று, கீழே மூன்று பொருந்தின. பேட்ச் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. அது சரியான இடம்தானா என்று அவள் இரண்டு முறை பார்த்துக்கொண்டாள்.

மிருதுளா தட்டில் காபியோடு வந்தாள்.

நவநீதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். காதுக்குள் அது சொல்லியிருக்க வேண்டும். அவர் வலது கை மடியிலிருந்து எழுந்து, தோளைத் தாண்டி, காதுக்குப் பக்கம் போனது. விரல்கள் காதுக்குப் பின்னால் அப்படியே நின்றன. பிறகு கை கீழே இறங்கியது.

"மிருதுளா" என்றார்.

மிருதுளா அரசிக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெயரில் யார் வந்திருக்கிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. வெயிலில் நாற்றுத் தட்டுகள்தான் இருந்தன.

"உன்னத்தான் மிருதுளா."

அவள் மெதுவாகத் திரும்பினாள். தட்டை மேசைமேல் வைத்தாள். ஒரு டம்ளர் சாய்ந்து காபி வழிந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, பாடம் ஒப்பிக்கப் போகிற மாதிரி நின்றாள். அரசிக்குப் புரிந்தது. அடுப்படியில் தினமும் சொல்லிப் பார்த்த பதிலுக்கான கேள்விக்காக அவள் காத்திருந்தாள்.

நவநீதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி வரவில்லை.

மிருதுளாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அக்கா எங்கன்னு கேளுங் மச்சான்" என்றாள்.

அவர் குனிந்தபடியே, சாய்ந்த டம்ளரை நிமிர்த்தி வைத்தார்.

"தெரியாதுதானுங்க உங்களுக்கு? இப்பத்தான மெஷின் சொல்லுச்சு? கேளுங்." அவள் குரல் உடைந்தது. "ஒரு தடவயாச்சும் கேளுங் மச்சான்."

அவர் தலை நிமிரவே இல்லை.